சிங்கப்பூர்ல பர்ஸ் காலியாகாம நைட் லைஃப் என்ஜாய் பண்றது எப்படி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோவை_டு_குயின்ஸ்டவுன்

வணக்கம் மக்களே. வேலைக்குன்னு கோயமுத்தூர்ல இருந்து சிங்கப்பூர் வந்து கொஞ்ச மாசம் ஆச்சுங்க, குயின்ஸ்டவுன்ல இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து வீடு எடுத்து இருக்கேன், ஆஃபீஸ் ராஃபிள்ஸ் பிளேஸ்ல. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆச்சுன்னா டீம் மொத்தமும் கீழ எறங்கி போட் கீ பக்கம் போயிருவாங்க, நானும் போவேன். உண்மைய சொல்றேன், எனக்கு அது ரொம்ப புடிச்சிருக்குங்க. ஆத்தங்கரையோரம் உக்காந்து, பொண்ணுங்க பசங்க எல்லாரும் ஒண்ணா, யாரும் யாரையும் ஒரு மாதிரி பாக்காம, ஒரு கிளாஸை வெச்சுகிட்டு ரெண்டு மணி நேரம் பேசறது... ஊர்ல எனக்கு தெரிஞ்சது டாஸ்மாக் பக்கத்துல இருக்கற பார்தான், அங்க எவனாவது நிம்மதியா உக்காந்து பேசி பாத்திருக்கீங்களா, வாங்கு ஊத்து கெளம்புன்னுதான் இருக்கும்.

பிரச்சனை பில்லுதான். ஒரு பைண்ட் பீர் 16, 17 டாலர். காக்டெய்ல் மெனுல 25ன்னு இருக்கு, பில்லுல கிட்டத்தட்ட 30 வருது. மாசம் 250 டாலருக்கு மேல இதுக்கு செலவு பண்ண முடியாது, தங்கச்சி படிப்புக்கு ஊருக்கு அனுப்பணும், அதுல கை வைக்க மாட்டேன். ஏன் இவ்ளோ வெல, எங்க போனா கட்டுப்படியாகும், இது ஒண்ணு. இன்னொண்ணு, அடுத்த மாசம் சென்னையில இருந்து என் காலேஜ் பசங்க ரெண்டு பேர் மூணு நாளைக்கு வர்றாங்க, அவனுங்களுக்கு ஒரே ஒரு ராத்திரியாவது சிங்கப்பூர்னா இதுதான்டான்னு காட்டணும். அதுக்கும் ஐடியா குடுங்க. ரூல்ஸ் எதுனா தெரிஞ்சுக்கணும்னா அதையும் சொல்லுங்க.

தேக்கா_அண்ணன்

தம்பி, நான் புதுக்கோட்டை, இங்க வந்து பல வருசம் ஆச்சு, ஆரம்பத்துல டார்மிட்டரியில இருந்தவன், இப்ப சூப்பர்வைசர். நீ போற போட் கீ எல்லாம் பேங்க்ல வேல பாக்கறவங்களுக்காக இருக்கற எடம். நம்மாளுங்களுக்கு கோப்பிக்கடை, அதான் அடுக்குமாடி புளோக்குக்கு கீழ சாப்பாடு, காப்பி, பீர் எல்லாம் விக்கற கட, அதுதான் சொர்க்கம், இத நான் மனசார சொல்றேன்.

நீ இருக்கற குயின்ஸ்டவுன்லயே புளோக்குக்கு கீழ எத்தன கோப்பிக்கடை இருக்குன்னு பாரு. சாயந்திரம் ஏழு மணிக்கு மேல போயி வெளிய போட்டிருக்கற வட்ட மேசையில உக்காந்தா போதும், இடுப்புல ஓப்பனரை கட்டிகிட்டு பீர் ஆன்ட்டி ஒருத்தங்க தானா வருவாங்க. டைகர் பெரிய பாட்டில், 633 மில்லி, ஏரியாவை பொறுத்து 7ல இருந்து 9 வெள்ளிக்குள்ள இருக்கும், வெள்ளின்னா இங்க டாலர்தான். கூடவே ஐஸ் போட்ட மக்கு தருவாங்க, பீர்ல ஐஸ் போடறதான்னு ஊர்லேருந்து வந்த புதுசுல தோணும், இந்த புழுக்கத்துல ரெண்டு நாள் குடிச்சு பாரு, அப்புறம் ஐஸ் இல்லாம கேக்கவே மாட்ட. காசை அப்பப்ப கையில வாங்கிக்குவாங்க, சில எடத்துல காலி பாட்டிலை மேசையிலயே விட்டு வெப்பாங்க, கடைசியில அதை எண்ணி கணக்கு பாக்க. சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டின்னு மேல சேக்கற ப்ளஸ் ப்ளஸ் கெடையாது, போட்ட வெலதான் வெல. பக்கத்து கடையில சிக்கன் விங்ஸ், சம்பல் தடவி வாழ இலையில சுட்ட திருக்க மீனு, ஒரு பிளேட் கங்கோங் கீரை. நாலு பேர் சேர்ந்தா ஆளுக்கு 20 வெள்ளியில வயிறும் நெறஞ்சிரும் மனசும் நெறஞ்சிரும்.

சட்டம் கேட்ட, நல்லது, எல்லாரும் கேக்கணும். 2015 ஏப்ரல்லேருந்து ராத்திரி பத்தரை மணிக்கு மேல காலையில ஏழு மணி வரைக்கும் பொது எடத்துல குடிக்கக்கூடாது. பார்க், புளோக் அடி, பெஞ்சு, ஆத்தங்கரை படி, எங்கயும். கடையிலயும் அந்த நேரத்துல பாட்டில் பார்சல் தர மாட்டாங்க, பத்தரை அடிச்சா செவன் லெவன்ல பீர் ஃப்ரிட்ஜை பூட்டிருவாங்க. மாட்டுனா ஆயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம். லைசென்ஸ் இருக்கற பார்ல, கோப்பிக்கடையில அவங்க லைசென்ஸ் நேரம் வரைக்கும் உக்காந்து குடிக்கலாம், அது வேற.

லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் இன்னும் கடுமை. 2013 டிசம்பர் 8 அன்னிக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டுல பஸ் மோதி நம்ம ஊர் பையன் ஒருத்தன் செத்து, அதுக்கப்புறம் நடந்த கலவரம் உனக்கு தெரிஞ்சிருக்கும். அதுக்கு பின்னாடிதான் இந்த கட்டுப்பாடெல்லாம் வந்துச்சு. சனிக்கிழமை காலையில ஏழுலேருந்து திங்கக்கிழமை காலையில ஏழு வரைக்கும் அந்த ஏரியா ரோட்டுல, திடல்ல எங்கயும் வாய் வெக்கக்கூடாது, லீவு நாள்லயும் அப்படித்தான். அபராதமும் மத்த எடத்தை விட ஒண்ணரை மடங்கு. வாரத்துல ஒரே ஒரு நாள் லீவு கெடைக்கற பையன் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கூட்டாளிகளோட புல்லுல உக்காந்து ஒரு பீர் குடிக்கறது தப்பாயிருச்சேன்னு எனக்கு இன்னிக்கும் வருத்தம் உண்டு, ஆனா சட்டம்னா சட்டம், வொர்க் பெர்மிட்ல இருக்கறவன் வெளையாட முடியாது.

இன்னொண்ணு தம்பி. நம்ம பாட்டு பாடற லைவ் பேண்ட் கிளப்புங்க இருக்கு, உள்ள போனா மேடையில பொண்ணுங்க பாடும் ஆடும், அதுங்களுக்கு காசு குடுத்து மால போடச் சொல்லி ஆளு வந்து நிப்பான். மால 50 வெள்ளியில ஆரம்பிச்சு எங்கயோ போகும். ஒருத்தன் போட்டா பக்கத்து மேசைக்காரன் அதை விட பெருசா போடுவான், அப்படியே மாச சம்பளத்தை ஒரே ராத்திரியில விட்டுட்டு போன பசங்கள நான் பாத்திருக்கேன். அந்த பக்கம் போகவே வேணாம்.

பார்_கவுண்டர்_பின்னாடி

நான் இங்கேயே பொறந்து வளந்த ஆளு, காக்டெய்ல் பார்ல வேல செய்றேன், அதனால ஏன் இவ்ளோ வெலங்கற கேள்விக்கு நான் பதில் சொல்றேன் ப்ரோ.

எல்லாரும் வரி வரின்னு சொல்வாங்க, பாதிதான் உண்மை. இங்க மதுவுக்கு வரி பாட்டில் வெல மேல கெடையாது, உள்ள இருக்கற சுத்த ஆல்கஹால் மேல. ஸ்பிரிட்ஸுக்கும் ஒயினுக்கும் ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி, பீருக்கு 60 வெள்ளி, 2014 பட்ஜெட்ல ஏத்துனது. இப்ப கணக்கு போடுங்க. 700 மில்லி விஸ்கி பாட்டில், 40 பர்சென்ட். உள்ள 280 மில்லி ஆல்கஹால், அதுக்கு வரி 24 வெள்ளி 64 காசு, அதுக்கு மேல 9 பர்சென்ட் ஜிஎஸ்டி. அதனாலதான் கடையில சாதாரண விஸ்கி கூட 40, 50 வெள்ளிக்கு நிக்குது, அங்க வெலையில பெரும்பங்கு வரிதான். மட்டமான பாட்டிலுக்கும் அதே வரி ஒசந்த பாட்டிலுக்கும் அதே வரிங்கறதால, வீட்டுக்கு வாங்கறதா இருந்தா ஒரு பத்து இருபது வெள்ளி கூட போட்டு நல்லதா வாங்குறதுதான் புத்திசாலித்தனம்.

ஆனா பார்ல? 30 மில்லி ஊத்துனா அதுல இருக்கற வரி ஒரு வெள்ளி அஞ்சு காசு சொச்சம். 60 மில்லி போட்ட காக்டெய்ல்ல ரெண்டு வெள்ளி சொச்சம். மீதி எங்க போகுது? வாடக. போட் கீ, கிளப் ஸ்ட்ரீட் மாதிரி எடத்துல கட வாடக என்னன்னு கேட்டா தல சுத்தும். அப்புறம் ஆள் சம்பளம், ஏசி. நீங்க கேட்ட 25, 30 கணக்கு: 25க்கு 10 பர்சென்ட் சர்வீஸ், 27.50, அது மேல 9 பர்சென்ட் ஜிஎஸ்டி, 29.98. மெனுல வெல பக்கத்துல ரெண்டு ப்ளஸ் இருந்தா எப்பவும் மனசுல அஞ்சுல ஒரு பங்கு சேத்துக்கோங்க. தனியா டிப்ஸ் வெக்கணும்னு அவசியம் இல்ல, யாரும் எதிர்பாக்க மாட்டாங்க.

வாடகதான் காரணம்னு புரிஞ்சா மத்தது தானா புரியும். அஞ்சு மணியிலேருந்து எட்டு மணி வரைக்கும் எடம் காலியா கெடக்கும், காலி நாற்காலிக்கும் வாடக ஓடுது, அதனாலதான் அந்த நேரத்துல ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ. அதே போட் கீல, அதே டேப்ல இருந்து வர்ற அதே பீர், ஏழு மணிக்கு பத்து சொச்சம், ஒன்பது மணிக்கு 17. நீங்க ஆஃபீஸ் முடிஞ்சு அங்கேயே எறங்குற ஆளு, உங்களுக்குத்தான் இது லாபம், ஆறு மணிக்கு போயி உக்காருங்க, எட்டு அடிக்கறதுக்குள்ள கடைசி ஆர்டரை போட்டுருங்க.

அண்ணன் சொன்ன கோப்பிக்கடைய நான் மறுக்கல, லீவு நாள்ல நானும் அங்கதான். ஆனா நல்ல காக்டெய்ல் பாரை மொத்தமா ஒதுக்கிடாதீங்கன்னு கேட்டுக்கறேன். இந்த ஊரு உலகத்துலயே பேரெடுத்த பார்கள் இருக்கற ஊரு. புகிஸ்ல பார்க்வியூ ஸ்கொயர் கட்டடத்துல அட்லஸ்னு ஒண்ணு இருக்கு, உள்ள கால் வெச்சா ஒசரமா ஜின் பாட்டிலா அடுக்குன கோபுரம் நிக்கும், அதை பாக்கவே போகலாம். ஒரு மார்ட்டினி கேட்டீங்கன்னா, முன்னாடியே குளுர வெச்ச கிளாஸ், கண்ணாடி மாதிரி தெளிஞ்ச பெரிய ஐஸ் கட்டி, கரண்டி கிளாஸ்ல படற சத்தம் கூட கேக்காம அப்படியே சுத்துவாங்க, எவ்ளோ தண்ணி கரையணும்னு கை சொல்லும், கடைசியில எலுமிச்ச தோலை கிளாஸுக்கு மேல புடிச்சு ஒரு திருகு திருகுனா எண்ணெய் மேல படிஞ்சு வாசம் வரும். இதை கத்துக்க வருசக்கணக்கா ஆகும் ப்ரோ. மாசத்துக்கு ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு கிளாஸ், ஒரு மணி நேரம் வெச்சு குடிங்க. கவுண்டர்ல உக்காருங்க, மேசையில வேணாம். உங்களுக்கு புளிப்பு புடிக்குமா கசப்பு புடிக்குமான்னு சொன்னா பார்டெண்டரே பாத்து செஞ்சு தருவாரு.

கோவை_டு_குயின்ஸ்டவுன்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. வரி கணக்கு கண்ணை தொறந்துச்சு. அண்ணே, மால விஷயம் சொன்னதுக்கு தனி நன்றி, ஆஃபீஸ்ல ஒருத்தர் கூப்பிட்டுகிட்டே இருந்தாரு, இனிமே போக மாட்டேன்.

அந்த ரெண்டு பசங்க வர்ற ராத்திரிக்கு? மெரினா பே சாண்ட்ஸ் மொட்டமாடி பார், அப்புறம் ராஃபிள்ஸ் ஹோட்டல் சிங்கப்பூர் ஸ்லிங், ரெண்டும் கேக்கறாங்க. திரும்பி வர்றது எப்படின்னும் சொல்லுங்க, ஒருத்தன் டான்ஸ் ஆடாம ஊருக்கு போக மாட்டேங்கறான்.

உட்லண்ட்ஸ்_பொண்ணு

இதுல பொண்ணுங்க யாருமே எழுதலையேன்னு வந்தேன் 🙂 நான் ஆஸ்பத்திரியில வேல பாக்கறேன், திருச்சி பக்கம். என் ஃபிரெண்ட்ஸ் கேங்க் மாசம் ஒரு தடவ கண்டிப்பா வெளிய போவோம், எனக்கு இந்த ஊரு குடுத்த பெரிய விஷயமே அதுதான். ராத்திரி ஒரு மணிக்கு ரெண்டு பொண்ணுங்க கிளார்க் கீல இருந்து நடந்து வந்து டாக்ஸி ஏறி வீட்டுக்கு போறோம், வழியில ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னது கெடையாது. ஊர்ல இத நெனச்சு கூட பாக்க முடியாது. பொண்ணுங்க யாராவது படிச்சீங்கன்னா, புதன்கிழமை லேடீஸ் நைட், நெறைய எடத்துல நமக்கு என்ட்ரி ஃப்ரீ, சில எடத்துல ஒரு ரெண்டு டிரிங்க்ஸும் ஃப்ரீ. ஆனா கிளாஸை கண்ணுல இருந்து விடாதீங்க, அது எந்த ஊரா இருந்தாலும்.

இப்ப உங்க பசங்க விஷயம். மொதல்ல, ஏர்போர்ட்ல இருந்தே ஆரம்பிக்கணும். அவங்க வெளிநாட்டுல இருந்து வர்றவங்க, 18 வயசு தாண்டுனவங்க, மலேசியாவுல இருந்து வரல, அதனால ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் டூட்டி ஃப்ரீ உண்டு, ஒரு லிட்டர் ஸ்பிரிட்ஸ் கூட ஒரு லிட்டர் ஒயினோ பீரோ. சாங்கில லக்கேஜ் எடுக்கற எடத்துலயே கட இருக்கு. மேல பார்ல வேல செய்றவரு சொன்ன அந்த 24 வெள்ளி வரி அப்படியே மிச்சம். மூணு நாளைக்கு வீட்டுல உக்காந்து பேச அது போதும். நீங்களும் ஊருக்கு போயிட்டு வர்றப்ப வாங்கலாம், 48 மணி நேரமாவது வெளிய இருந்திருக்கணும். சிகரெட்டுக்கு அந்த சலுக கெடையாது, ஒரு பாக்கெட்டா இருந்தாலும் வரி கட்டணும். வேப் கொண்டு வந்தானுங்கன்னா சென்னையிலயே தூக்கி போட சொல்லுங்க, இங்க கையில வெச்சிருந்தாலே குத்தம், இதுல வெளையாடவே கூடாது.

மெரினா பே சாண்ட்ஸ் 57வது மாடி நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒண்ணு யோசிங்க, அங்க ஏறி நின்னா எல்லாம் தெரியும், சாண்ட்ஸ் மட்டும் தெரியாது! ஃபோட்டோல எல்லாருக்கும் வேண்டியதே அந்த மூணு கோபுரமும் மேல இருக்கற கப்பலும்தான். அதுக்கு எதிர் கரையில ஃபுல்லர்டன் பே ஹோட்டல் மொட்டமாடியில லான்டர்ன்னு ஒரு பார் இருக்கு, சாண்ட்ஸ் நேருக்கு நேரா தெரியும். எட்டு மணிக்கு லேசர், தண்ணி ஷோ போடுவாங்க, ஒன்பதுக்கு இன்னொண்ணு. ஆளுக்கு ஒரு கிளாஸ் வாங்கி ஷோ முடியற வரைக்கும் நில்லுங்க. காசு குடுக்க மனசு இல்லன்னா கீழ கரையிலயே நின்னு பாருங்க, ஃப்ரீ. எஸ்பிளனேட்ங்கற கலையரங்கத்தோட வெளி அரங்குல வாரக்கடைசியில ஃப்ரீயா கச்சேரி நடக்கும், நான் அங்க படிக்கட்டுல உக்காந்து கேட்ட பாட்டுங்க எந்த கிளப்லயும் கேட்டதில்ல.

ராத்திரி போக்குவரத்து: எம்ஆர்டி பன்னெண்டு மணி வாக்குல நின்னுரும், உங்களுக்கு எந்த ஸ்டேஷன்ல கடைசி ட்ரெயின் எத்தன மணிக்குன்னு பாத்து வெச்சுக்கோங்க. முன்னாடி வெள்ளி சனி ராத்திரியில நைட் பஸ் ஓடும், 2020ல நிறுத்துனாங்க, அப்புறம் வரவே இல்ல. பன்னெண்டு தாண்டுனா டாக்ஸி மீட்டர் மேல 50 பர்சென்ட் கூட. கிளப் விடற நேரத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்துல ஆப்ல தேடுவாங்க, அப்ப வெல ஏறும். நாங்க செய்யறது, ஆத்தங்கரையோரம் அர மணி நேரம் மெதுவா நடந்து, எங்கயாவது சூடா சூப்போ பரோட்டாவோ சாப்டுட்டு, கூட்டம் கொறஞ்சதும் போடறது.

பச்சத்தண்ணி_பார்ட்டி

நான் குடிக்க மாட்டேன், ஆனா இவங்க எல்லார் கூடயும் போவேன். ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லிக்கறேன். குரூப்ல குடிக்காதவன் ஒருத்தன் இருந்தா பில்லை சமமா பிரிக்காதீங்க, நாலு பேர் ஆளுக்கு மூணு பைண்ட் குடிச்சுட்டு எனக்கும் 50 வெள்ளி பங்கு அனுப்ப சொல்றது வாடிக்கையா நடக்குது, கேக்கவும் சங்கடமா இருக்கும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் அவனவன் அப்பப்ப குடுத்துட்டா தீந்துச்சு. அப்புறம் சில எடத்துல சாதா தண்ணிக்கே காசு, உக்காரறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. ஆல்கஹால் இல்லாத பீர் இப்ப நெறைய எடத்துல கெடைக்குது, நல்லாவே இருக்கு.

பார்_கவுண்டர்_பின்னாடி

சரியா சொன்னீங்க. என் கவுண்டர்ல குடிக்காதவங்க வந்தா அவங்களுக்கும் அதே அக்கறையோட செஞ்சு குடுப்பேன், அதுதான் தொழில்.

சிங்கப்பூர் ஸ்லிங் பத்தி. ராஃபிள்ஸ் லாங் பார்ல அது முப்பது வெள்ளிக்கு மேல, ப்ளஸ் ப்ளஸ் தனி, வாசல்ல வரிச இருக்கும். இனிப்பு தூக்கலாத்தான் இருக்கும், ஜின், செர்ரி, அன்னாசி ஜூஸ். ஆனா அது எங்க தொழிலோட வரலாறு ப்ரோ. 1915 வாக்குல அங்க பார்டெண்டரா இருந்த ஙியாம் தோங் பூன்ங்கற ஹைனான் சீனர் செஞ்சது. அந்த காலத்துல பொம்பளைங்க நாலு பேர் முன்னாடி மது குடிக்கறது மரியாத இல்லன்னு இருந்ததால பாக்க பழச்சாறு மாதிரி இருக்கற எதையாவது குடுக்கணும்னு அவரு இதை உருவாக்குனாருன்னு ஹோட்டல்காரங்க சொல்றாங்க. மேசையில சாக்கு பை நெறைய வேர்க்கடல வெச்சிருப்பாங்க, தோலை உரிச்சு தரையிலயே போடணும், அங்க அதுதான் வழக்கம், நடந்தா காலுக்கு கீழ நறநறன்னு இருக்கும். இவ்ளோ சுத்தமான ஊர்ல தரையில குப்ப போட அனுமதி இருக்கற எடம் எனக்கு தெரிஞ்சு அது ஒண்ணுதான். மூணு பேரும் ஆளுக்கு ஒண்ணு வேணாம், ஒண்ணு வாங்கி ருசி பாருங்க, மத்த ரெண்டு பேர் பீர் சொல்லிக்கலாம். மத்தியானம் போனா வரிச கம்மி.

ஆட்டம் போடணும்னு சொன்ன பையனுக்கு ஸூக்ங்கற டான்ஸ் கிளப். 1991ல ஜியாக் கிம் ஸ்ட்ரீட்ல பழைய கிடங்குல ஆரம்பிச்சது, 2016ல கிளார்க் கீக்கு மாறுச்சு. இந்த ஊர்ல எங்க தலமுறை ஆட கத்துகிட்டதே அங்கதான். என்ட்ரி டிக்கெட்டுல பெரும்பாலும் டிரிங்க்ஸ் சேந்தே இருக்கும், ஆன்லைன்ல முன்னாடியே வாங்கிருங்க. செருப்பு, அரை டவுசர் போட்டுட்டு வந்தா வாசல்லயே நிறுத்திருவாங்க, பாஸ்போர்ட் ஒரிஜினல் கையில இருக்கணும். உள்ள போயி பாட்டில் வாங்குற யோசன இருந்தா, மிச்சம் இருக்கறத பேர் எழுதி கார்டு போட்டு எடுத்து வெப்பாங்களான்னு கேளுங்க, பல கிளப்ல வெப்பாங்க, தேதிக்குள்ள திரும்ப போயி நீங்க குடிச்சுக்கலாம்.

தேக்கா_அண்ணன்

தம்பி, கிளப்புக்கு போறதுக்கு முன்னாடி வெறும் வயித்துல போகாதீங்க. லாவ் பா சாட்ங்கற சாப்பாட்டு அங்காடி பக்கத்துல பூன் டாட் ஸ்ட்ரீட்டை சாயந்திரம் ஏழு மணிக்கு மேல வண்டி போகாம அடச்சு நடுரோட்டுலயே மேசைய போட்டுருவாங்க, ரெண்டு பக்கமும் பெரிய பெரிய கட்டடம், நடுவுல சாத்தே, அதான் குச்சியில குத்துன கறி, சுடற பொகை. உன் ஆஃபீஸ்ல இருந்து நடக்கற தூரம். ஆட்டுக்கறி, கோழி, இறால் கலந்து ஒரு செட்டு சொல்லு, கூட ஒரு ஜக் பீர், மூணு பேருக்கு அது தாராளம். எட்டு மணிக்கு மேல போனா எடம் கெடைக்காது, ஒருத்தன் முன்னாடியே போயி மேசை மேல டிஷ்யூ பாக்கெட்டை வெச்சு எடம் புடிக்கணும். அங்கிருந்து மெரினா பே கரைக்கு நடந்தே போயிரலாம், ஒன்பது மணி ஷோவை புடிச்சிரலாம்.

கோவை_டு_குயின்ஸ்டவுன்

அப்படின்னா ஏழு மணிக்கு பூன் டாட் ஸ்ட்ரீட், ஒன்பதுக்கு லான்டர்ன், அப்புறம் கிளார்க் கீ. லாங் பார் அடுத்த நாள் மத்தியானம். பசங்களுக்கு இப்பவே மெசேஜ் போட்டுட்டேன், ஷூ எடுத்துட்டு வாங்கடா, வேப் வேணாம், சாங்கில ஒரு லிட்டர் வாங்கிட்டு வாங்கன்னு. லான்டர்ன்ல வெள்ளிக்கிழமை முன்னாடியே மேசை புக் பண்ணணுமாங்க?

உட்லண்ட்ஸ்_பொண்ணு

வெள்ளி சனின்னா கண்டிப்பா புக் பண்ணுங்க. மழை கொட்டுனா மொட்டமாடி மேசையில உக்கார முடியாது, அதனால வியாழக்கிழமையும் கையில ஒரு நாளா வெச்சுக்கோங்க, கூட்டமும் கம்மியா இருக்கும்.